‘என் பையனை ஆய்வில் சேர்க்கலாமா, டாக்டர்?’

தென் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் ஆறு பக்கம் கையால் எழுதி, அதைப் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பிறக்கும்போதே இடுப்புக்கு மேலே முதுகில் கட்டி போல ஒரு புடைப்பு. முதுகெலும்பு அந்த இடத்தில் மூடாமல், தண்டுவட நரம்புகள் வெளியே பிதுங்கியிருந்தன. மூன்றாம் நாளே அறுவை சிகிச்சை செய்து மூடிவிட்டார்கள். இப்போது காலில் ஸ்ப்ளின்ட் மாட்டிக்கொண்டு நடக்கிறான், கணக்கில் கெட்டி. சிறுநீர் மட்டும் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, டயப்பரை விடமுடியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ சொல்லிக்கொடுத்தபடி இன்றுவரை அடிவயிற்றை அழுத்தித்தான் அம்மா சிறுநீரை வெளியேற்றுகிறார். போன வருடம் மூன்று முறை குளிர்காய்ச்சல். ஸ்கேன் எடுத்ததில் இரண்டு சிறுநீரகங்களும் லேசாக வீங்கியிருக்கின்றன. உள்ளூரில் ஒரு மருத்துவர், வயதானவர்களுக்குப் புரோஸ்டேட் தொல்லைக்குக் கொடுக்கிற டாம்சுலோசினைச் சிறிய அளவில் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான்கு மாதமாகப் போகிறது.

பெரிய ஊர் மருத்துவமனையில் யூரோடைனமிக் பரிசோதனை (சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது) செய்துவிட்டு, ‘சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் அதிகம், முழுசாகக் காலியாகவும் இல்லை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பாதை வழியாக டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஒப்பவில்லை. ‘ஆம்பளைப் பையன், அங்கே டியூப் விட்டா நாளைக்கு அவனுக்குக் குழந்தை பிறக்குமா’ என்கிறார். இரண்டு வாரம் கழித்து அதே மருத்துவமனையின் ஆய்வுக் குழு இவர்களை அழைத்து, 24 வார ஆய்வு ஒன்று நடக்கிறது, பழைய மருந்தான ஆக்ஸிபுடினினையும் பெரியவர்களுக்கு ஏற்கெனவே விற்கும் மிராபெக்ரானையும் ஒப்பிடுகிறோம், சேருகிறீர்களா என்று கேட்டு 14 பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. மாமியார், ‘என் பேரனைச் சோதனை எலி ஆக்கவா பெத்தே’ என்று இரண்டு நாள் பேசவில்லை. கணவரோ, வெளிநாட்டில் நரம்பை மாற்றி இணைத்து இதைச் சரிசெய்கிறார்கள் என்று ஒரு வீடியோவைக் காட்டுகிறார்.

தாயின் கேள்விகள் இவை: சேர்ந்தால் டியூப் இல்லாமல் தப்பிக்கலாமா? படிவத்தில் ‘பிளாசிபோ’ என்று இருக்கிறதே, வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவார்களா? மாட்டேன் என்று சொன்னால் அங்கே சிகிச்சை நின்றுவிடுமா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? கடைசிப் பக்கத்தில், ஓரமாக, ‘கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்கிறார்கள், உண்மையா?’ என்று ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஓரத்து வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது மனதில் கிடந்து அரிக்கும்போது மற்ற எதுவும் காதில் ஏறாது. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள், பெரும்பாலும் கர்ப்பம் என்று உங்களுக்கே தெரிவதற்கு முன்னால், முதுகுத்தண்டு மூடிவிட வேண்டும். அது ஓரிடத்தில் மூடாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நீங்கள் வெளியே போனதும் போகாததும் அதைத் தீர்மானிக்கவில்லை. இதில் நம் கையில் இருக்கிற ஒன்று ஃபோலிக் அமிலம். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களை வைத்து ஏழு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு, அடுத்த குழந்தைக்கும் அப்படி ஆகிற வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது என்று 1991-இல் வெளியிட்டார்கள். நம் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைத்தால், நாள் தள்ளிப்போன பிறகு இல்லை, குறைந்தது ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். கவனித்தீர்களா, இதுவும் யாரோ சில தாய்மார்கள் ஓர் ஆய்வில் சேர்ந்ததால் நமக்குத் தெரிந்தது. உங்கள் மாமியாரிடம் சொல்ல உதவும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டியூப் இந்த வாரமே, ஆய்வு அப்புறம்

நீங்கள் ஆறு பக்கம் எழுதியதில் என்னைப் பதறவைத்தது ஆய்வு இல்லை. டியூப் போடச் சொல்லி எத்தனை வாரம் ஆகிறது, இன்னும் தொடங்கவில்லை, அதுதான். ‘ஆய்வில் சேர்ந்தால் டியூப் வேண்டாம்’ என்று நீங்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள், எங்கோ அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அது தவறான கணக்கு, அதைத் திருத்தாமல் மேலே போகமுடியாது.

சிறுநீர்ப்பைக்கு இரண்டு வேலை, சேர்த்துவைப்பது ஒன்று, நேரம் வந்ததும் காலியாக்குவது இன்னொன்று. பை சுருங்கும்போது கீழே உள்ள வாய்த்தசை திறக்க வேண்டும். தண்டுவட நரம்பில் பழுது இருக்கும் குழந்தைக்கு இந்த ஒத்துப்போதல் கெட்டுவிடும். பை நேரம் காலம் இல்லாமல் இறுகும், வாய் அப்போது பார்த்து மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும், நிரம்பி வழிவது மட்டும் சொட்டாக வெளியே வரும். சொட்டுகிறதே, அப்படியென்றால் வெளியேறுகிறது என்றுதானே அர்த்தம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தலைகீழ். குடம் நிறைந்து வழிகிறது என்பதால் குடம் காலி என்று ஆகாது.

ஆய்வில் கொடுக்கப்போகும் இரண்டு மருந்துகளும் முதல் வேலைக்கானவை. அவை பையை இளக்கும், அழுத்தத்தைக் குறைக்கும், அதிகம் கொள்ளச் செய்யும். காலியாக்க உதவாது, சொல்லப்போனால் பை தளர்வதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தங்கும். ஆகவே மருந்து ஏற ஏற டியூப்பின் தேவை அதிகமாகுமே ஒழியக் குறையாது. மிராபெக்ரானை மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் நரம்புக் கோளாறு சிறுநீர்ப்பைக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதித்தார்கள். அதற்கு அடிப்படையான ஆய்வில் 86 குழந்தைகள் அந்த மருந்தை எடுத்தார்கள், அத்தனை பேரும் டியூப் விட்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள். உங்களுக்குக் கொடுத்த 14 பக்கத்தில் ‘யார் சேரலாம்’ என்று ஒரு பகுதி இருக்கும், எடுத்துப் பாருங்கள். டியூப் பழகியிருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அழுத்தத்தைப் பற்றி ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறோம்? 1981-இல் அமெரிக்காவில் எட்வர்ட் மக்குவயர் என்ற சிறுநீரியல் மருத்துவர், உங்கள் மகனைப் போல முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ள 42 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். சிறுநீர் கசியத் தொடங்கும்போது பைக்குள் இருக்கும் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீரளவுக்கு மேல் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகப் பக்கம் கெட்டிருந்தது, அதற்குக் கீழே இருந்தவர்கள் அநேகமாகத் தப்பியிருந்தார்கள். அந்த 40 என்ற எண்ணைத்தான் நாங்கள் இன்றும் மனதில் வைத்திருக்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் 58 என்று இருக்கிறது. சிறுநீரகம் வீங்க ஆரம்பித்துவிட்டது. இது காத்திருக்கிற விஷயம் இல்லை.

அந்த வயிற்றை அழுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, ஒருகாலத்தில் நாங்களே சொல்லிக்கொடுத்ததுதான். வாய் இறுகியிருக்கும் பையை மேலிருந்து அழுத்தினால் சிறுநீர் கீழே போகாது, மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பும்.

கணவருக்கு

அவர் பயம் சாதாரண பயம்தான், வாரத்துக்கு ஒரு அப்பாவாவது என்னிடம் கேட்கிறார், சில பேர் கேட்காமலே எழுந்து போய்விடுகிறார்கள். டியூப் விடுவதால் பிள்ளை பெறும் சக்தி போகாது. டியூப் போகும் பாதை வேறு, விந்து உருவாகும் இடம் வேறு. பெரியவனான பிறகு அந்த விஷயங்களில் அவனுக்குச் சிரமம் வருமா என்றால், வரலாம், ஆனால் அது எந்த நரம்பு எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு அப்போது வழிகளும் உண்டு. முரட்டுத்தனமாகவோ ஜெல்லி இல்லாமலோ விட்டால் பாதையில் காயம் ஆகும், வருடக்கணக்கில் அப்படிச் செய்தால் தழும்பு விழலாம், ஆகவே சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் டியூப் போடாமல் விட்டு இரண்டு சிறுநீரகமும் போனால், டயாலிசிஸ் யூனிட் வாசலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது குழந்தை பெறுவதைப் பற்றி இருக்காது.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். இந்த முறையே ஓர் ‘ஆய்வுத் துணிச்சலில்’ வந்ததுதான். முன்பெல்லாம் டியூப் விடுவதென்றால் ஆபரேஷன் தியேட்டர் போல எல்லாம் கிருமியற்று இருக்க வேண்டும் என்பார்கள், வீட்டில் யாரால் முடியும்? அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாப்பிடஸ் 1972-இல், கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு சுத்தமான டியூப்பை விட்டால் போதும், பை நிரம்பி விரிந்து கிடக்க விடாமல் அடிக்கடி காலியாக்குவதே முக்கியம் என்று எழுதினார். கிருமியைவிடத் தேங்குவதுதான் எதிரி என்பது அன்று பலருக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. இன்று உலகம் முழுக்க அதுதான் நடைமுறை.

நம் ஊரில் பல இடங்களில் குழந்தைகளுக்கு இதற்கென்று தனி டியூப் வாங்க முடியாமல், பால் கொடுக்கும் ஃபீடிங் டியூப்பையே 8-ஆம் நம்பரில் பயன்படுத்துகிறார்கள். நன்றாக வேலை செய்கிறது. திரும்பப் பயன்படுத்துவதானால் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, உலர்த்தி, மூடிய டப்பாவில் வையுங்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கிற நர்ஸிடம் கேளுங்கள். சிவப்பு ரப்பர் டியூப் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை மற்றக் குழந்தைகளைவிட மிக அதிகம், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகப் போகும். ரப்பர் கையுறையும் அப்படியே. பிறந்தநாளுக்கு பலூன் ஊத வேண்டாம் என்று சொன்னால் கேட்க வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், பள்ளியில் ஒருமுறையாவது வரும். முதல் சில மாதம் நீங்கள் போக வேண்டியிருக்கும், பிறகு அவனே செய்துகொள்வான். ஏழு வயதுக் கணக்குக் கெட்டிக்காரனுக்கு இது பெரிய வித்தை இல்லை. அவன் வயதுக்குப் பை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு கணக்கு இருக்கிறது: வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கு, மில்லியில் வரும். அவனையே போடச் சொல்லுங்கள். 240 என்பான். ஒவ்வொரு முறை எடுப்பதையும் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அந்த நோட்டு எங்களுக்கு ஸ்கேனைவிடப் பயன்படும்.

தாத்தாவின் மருந்து

டாம்சுலோசின் விஷயம் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படும். பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்துகிறது, இந்தப் பையனுக்கும் வாய் இறுக்கம், அப்போது இவனுக்கும் உதவும்தானே? நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு ஒழுங்காக ஓர் ஆய்வு செய்தார்கள், 2009-இல் வெளியானது. நரம்புக் கோளாறால் பை அழுத்தம் 40-க்கு மேல் போன 161 குழந்தைகள், 2 வயது முதல் 16 வயது வரை. சிலருக்கு மூன்று வெவ்வேறு அளவுகளில் டாம்சுலோசின், சிலருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மருந்து, யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 14 வாரம். அழுத்தம் 40-க்குக் கீழே இறங்கியவர்களின் எண்ணிக்கையில் மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குழந்தைகளுக்கு இந்த உபயோகத்தில் பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்புத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

‘ஆனால் மருந்து ஆரம்பித்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை போலத் தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். வெயில் காலத்தில் வியர்வையாகப் போய்விடுவதால் சொட்டுவது குறையும், காய்ச்சல் இல்லாத மாதம் நல்ல மாதமாகத் தெரியும், மருந்து கொடுத்த அம்மாவின் கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் தேறினாற்போல இருக்கும். எங்கள் கண்ணும் அப்படித்தான் ஏமாறும். அதனால்தான் யாருக்கு எது என்று தெரியாமல் ஒப்பிடுகிறார்கள்.

இந்த மருந்தை நிறுத்துவதா என்று மருத்துவமனையில் கேளுங்கள். நான் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், ஸ்ப்ளின்ட் போட்ட பையனுக்கு அது தேவையில்லாத வம்பு. முக்கியமாக, ஆய்வுக் குழுவிடம் இதை மறைக்காதீர்கள், திட்டுவார்களோ என்று சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு.

‘சோதனை எலி’ என்ற பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது, பாட்டி ஒப்புக்கொள்வாரோ இல்லையோ. உங்கள் மகன் கடந்த நான்கு மாதமாக ஏற்கெனவே ஒரு சோதனையில்தான் இருந்திருக்கிறான். குழந்தைகளுக்குப் பலன் உறுதியாகாத மருந்து, படிவம் இல்லை, ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, முடிவை எழுதிவைக்க யாரும் இல்லை, அவன் பட்டதிலிருந்து அடுத்த குழந்தைக்கு ஒரு பாடமும் கிடைக்காது. பெரியவர்களிடம் சோதித்த மருந்தைக் குழந்தைக்குக் குத்துமதிப்பாக வெட்டிக் கொடுப்பது நம் நாட்டில் தினம் நடக்கிறது. முறையான ஆய்வு என்பது அதே காரியத்தை ஆயிரம் கண்கள் பார்க்கச் செய்வது. ஆய்வு என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு விதிகள் இருக்கின்றன, அவை உங்கள் ஆயுதம், அவ்வளவே.

‘பிளாசிபோ’ என்ற சொல்

உங்கள் படிவத்தின் நான்காம் பக்கத்துப் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள், நல்ல காரியம். அதில் இருப்பது இதுதான்: ஒரு மருந்து சிரப், மற்றது மாத்திரை. யாருக்கு எது என்று தெரியக்கூடாது. அதனால் எல்லாக் குழந்தைக்கும் சிரப்பும் கொடுப்பார்கள், மாத்திரையும் கொடுப்பார்கள். ஒன்றில் மருந்து இருக்கும், மற்றது வெற்று. மருந்தே இல்லாமல் எந்தக் குழந்தையும் விடப்படாது. மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றுவது என்று நீங்கள் பயந்தது இங்கே பொருந்தவில்லை. எது கிடைக்கும் என்று உங்களாலும் தேர்ந்தெடுக்க முடியாது, மருத்துவராலும் முடியாது. குடவோலை மாதிரி கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். இதை ஏற்றுக்கொள்ள முடியாதென்றால் சேரவேண்டாம், அதிலும் தப்பில்லை.

இரண்டில் எது வந்தாலும் கவனிக்க வேண்டியவை வேறு வேறு, எது என்று தெரியாததால் இரண்டையும் கவனியுங்கள். ஆக்ஸிபுடினின் வாயை உலர்த்தும், மலச்சிக்கலைக் கூட்டும். இவனுக்கு ஏற்கெனவே மலச்சிக்கல், குடல் நிறைந்தால் பையும் கெடும், ஆகவே அதற்கு முதலிலேயே மருந்து கேளுங்கள். வியர்வையையும் குறைக்கும். சித்திரை வெயிலில் மைதானத்தில் முகம் சிவந்து உடம்பு கொதித்தால் வெறும் வெயில் என்று விட்டுவிடாதீர்கள், பள்ளியிலும் சொல்லிவையுங்கள். மிராபெக்ரான் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், ஒவ்வொரு முறை போகும்போதும் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். அந்த மாத்திரை மெதுவாகக் கரையும் வகை, உடைத்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. உங்கள் பையனுக்கு முழுசாக விழுங்க வருமா? ரொம்பச் சின்னக் கேள்விதான், ஆனால் இதிலேயே பாதி ஆய்வுகள் வீட்டில் சொதப்புகின்றன.

கையெழுத்துக்கு முன்

இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கு 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இருக்கின்றன, அதோடு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும். நீங்கள் சட்டம் படிக்க வேண்டியதில்லை. போகும்போது இவற்றைக் கேளுங்கள், தயங்காமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்.

முதலில் பதிவு எண். நம் நாட்டில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிய ஐ.சி.எம்.ஆரின் கீழ் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007 முதல் இருக்கிறது, 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். எண்ணைக் கொடுத்தால் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர், பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவரைப் பற்றியே புகார் என்றாலும் நீங்கள் நேராக அவர்களிடம் பேசலாம்.

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்திட்ட நகல் உங்களிடம் வர வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் மூன்று பக்கம் தமிழ், நான்காம் பக்கம் ஆங்கிலம். ஏன் என்று கேளுங்கள். முழுத் தமிழ்ப் படிவம் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, வேறு மருத்துவரிடம் காட்டிவிட்டு வரும் உரிமையும் உண்டு, ‘இன்றே போட வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அதுவே ஒரு கெட்ட அறிகுறி.

மாட்டேன் என்று சொன்னாலும், சேர்ந்து பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இது சலுகை கிடையாது, உங்கள் உரிமை. காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால் விலகும்போது மருந்தைத் திடீரென்று நிறுத்திவிட்டுக் காணாமல் போகாதீர்கள், ஒருமுறை போய்ச் சொல்லி, அடுத்து என்ன மருந்து என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். ஆய்வில் இருக்கும்போது உடல்பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவை ஆய்வு நடத்துபவர்கள் ஏற்க வேண்டும். பாதிப்பு ஆய்வினால்தான் என்று உறுதியானால் அதற்குமேல் இழப்பீடும் உண்டு. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு எதுவும் நடந்தால், ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கு முதலில் அவருக்குத் தெரிய வேண்டுமே? நடுராத்திரிக் காய்ச்சலுக்கு எந்த எண்ணை அழைப்பது என்று கேட்டு, கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

நான் இன்னும் மூன்று கேட்பேன். யூரோடைனமிக் எத்தனை முறை? ஒவ்வொரு முறையும் டியூப் விட்டு, தண்ணீர் நிரப்பி, அரை மணி நேரத்துக்கு மேல் படுக்கவைப்பார்கள், குழந்தைக்கு அது விளையாட்டு இல்லை. போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலி இழப்பும் தருவார்களா? 24 வாரம் முடிந்து, அந்த மருந்துதான் இவனுக்கு ஒத்துக்கொண்டது என்றால், 25-ஆம் வாரம் அதை யார் வாங்கிக் கொடுப்பது? இந்த மூன்றாவது கேள்விக்குப் பல குழுக்களிடம் நேரான பதில் இருக்காது. பதில் இல்லை என்பதும் ஒரு பதில், அதை வைத்து முடிவெடுங்கள்.

அந்த வீடியோ

நரம்பை மாற்றி இணைக்கும் அறுவை சிகிச்சையைச் சீன மருத்துவர் சியாவோ உருவாக்கினார். இடுப்புப் பகுதியில் வேலை செய்கிற ஒரு நரம்பு வேரை வெட்டி, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்போடு தண்டுவட உறைக்குள்ளேயே இணைப்பது, தொடையைச் சொறிந்தால் சிறுநீர் வரும் என்பது எண்ணம். கேட்கவே பிரமாதமாக இருக்கிறதில்லையா? முதலில் வந்த தகவல்களும் பிரமாதமாகத்தான் இருந்தன. பிறகு அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 20 குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். எல்லோருக்குமே ஒட்டியிருந்த தண்டுவடத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பாதிப் பேருக்கு அதோடு இந்த நரம்பு இணைப்பும் செய்தார்கள், யாருக்குச் செய்தது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. மூன்று வருடம் பார்த்தார்கள். சிறுநீர் விஷயத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. 2016-இல் அந்த முடிவு வெளியானது. காலுக்கு வேலை செய்கிற ஒரு நரம்பை வெட்டி எடுக்கிறார்கள் என்பதையும் உங்கள் கணவர் யோசிக்கட்டும், உங்கள் மகன் நடக்கிறான். வீடியோவில் தேறிய குழந்தையைக் காட்டுவார்கள், தேறாத குழந்தையை யாரும் படமெடுப்பதில்லை.

இதைவிடப் பழகிய, பலன் தெரிந்த வழிகள் இருக்கின்றன. மருந்துக்கு அடங்காவிட்டால் பைத் தசைக்குள் போடக்ஸ் ஊசி, ஐந்து வயதுக்கு மேல். அதுவும் போதவில்லை என்றால் குடலின் ஒரு துண்டால் பையைப் பெரிதாக்குவது. கீழே டியூப் விடுவது சிரமமாக இருந்தால், பிரான்சின் மித்ரோஃபனோஃப் 1980-இல் சொன்ன வழி இருக்கிறது. குடல்வாலை எடுத்துத் தொப்புளுக்கும் பைக்கும் நடுவே குழாயாக வைத்துவிடுவார்கள், பையன் தொப்புள் வழியாக டியூப் விட்டுக்கொள்ளலாம். ஆனால் இவை எல்லாவற்றிலும் டியூப் கூடவே வருகிறது. அதிலிருந்து தப்பிக்கும் வாசல் இன்றைக்கு இல்லை.

என்னைக் கேட்டால்

நீங்கள் ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள், நழுவாமல் சொல்கிறேன். முதலில் டியூப் தொடங்குவேன். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டு, காய்ச்சல் அடங்கி, ஸ்கேன் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். ஆக்ஸிபுடினின் எப்படியும் இவனுக்கு இப்போதே தேவைப்படும் மருந்துதான். ஆய்வில் சேர்வதற்காக அதைப் பல வாரம் கொடுக்காமல் காத்திருக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சில நாள் என்றால் பரவாயில்லை. மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் தெளிவாக இருந்தால், அடிக்கடி பார்க்கிற ஒரு குழு கிடைக்கிறதே என்பதற்காகவே சேர்ந்திருப்பேன். 58 அழுத்தத்தோடு இருக்கிற பையனை யாராவது மாதாமாதம் பார்ப்பது லாபம். உங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேரப் பேருந்து என்பது மட்டும் என்னை யோசிக்கவைக்கிறது. இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் நிறுத்துவீர்கள் என்று தோன்றினால், சேராமல் அருகிலேயே ஒழுங்காகப் பார்ப்பது மேல். கணவர் சம்மதம் இல்லாமல் ரகசியமாகச் சேரவேண்டாம். சில ஆய்வுகளுக்கு ஒரு பெற்றோர் கையெழுத்து போதும் என்றாலும், டியூப் பிடிக்க வேண்டிய கை அவருடையதும்தான்.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. டியூப் போடும் குழந்தையின் சிறுநீரில் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) செய்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், வயிற்றுவலி, திடீரென்று ஒழுகல் கூடுவது, சிறுநீர் கலங்கி நாறுவதோடு பையன் சோர்ந்துபோவது, இப்படி ஏதாவது இருந்தால்தான் ஆன்டிபயாடிக். ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டே போனால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

‘அம்மா, வலிக்குமா’ என்று அவன் கேட்டதை எழுதியிருந்தீர்கள். ஏழு வயதுக்கு மேல் அவனிடமும் கேட்டு, அவன் வாயால் சரி சொல்ல வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். நெறிமுறையே சொல்கிறது, படிவத்தில் அதற்கு ஒரு பகுதி இருக்கும். டியூப்புக்கும் அதையே செய்யுங்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்கு அங்கே உணர்ச்சி குறைவு, பெரிதாக வலிக்காது. இவனுக்கு எப்படி என்று போட்டால்தான் தெரியும். ஆகவே ‘வலிக்கவே வலிக்காது’ என்று பொய் சொல்லவேண்டாம். ‘ஜெல்லி சில்லென்று இருக்கும், கொஞ்சம் ஒருமாதிரி இருக்கும், நிறுத்து என்று நீ சொன்னால் நிறுத்திவிட்டு மூச்சு விட்டுட்டு மறுபடி செய்யலாம்’ என்று சொல்லுங்கள். முதல் தடவை அளவு ஜாடியை அவன் கையிலேயே கொடுங்கள். எவ்வளவு வந்தது என்று அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும்.